கேப் வைத்துச் சுடும் பழைய அமெரிக்க ரைபிள்கள்: வாசகர் கேள்வி – பதில்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில், குழலின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் கெட்டித்து, அடித்தால் வெடிக்கும் சின்னஞ்சிறு செப்புக் குப்பியான கேப் ஒன்றைப் பொருத்திச் சுடும் ரைபிள்கள் எப்படிக் கையால் செய்யப்பட்டன என்பது பற்றி இரண்டு இதழ்களுக்கு முன் இப்பகுதியில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துத் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கும் கேப் துப்பாக்கிக்கும் அடிப்படை வேறுபாடு என்ன? இரண்டிலும் வாய்வழியேதானே மருந்து போடுகிறார்கள்?

பதில்: மருந்து போடும் முறை ஒன்றுதான், அதைப் பற்றவைக்கும் முறைதான் வேறு. கல் துப்பாக்கியில், குதிரை எனப்படும், விசையை இழுத்ததும் பாய்ந்து அடிக்கும் சுத்தியலின் தாடையில் இறுகப் பிடித்த கல் ஓர் எஃகுத் தகட்டின் மேல் உரசிப் பொறி பறக்கச் செய்யும். அந்தப் பொறி வெளியே இருக்கும் சிறு கிண்ணத்து மருந்தைப் பற்றவைத்து, அந்தத் தீ குழலின் பக்கத்துளை வழியாக உள்ளே போனால்தான் வெடி. கல் மழுங்கினாலும் மழை பெய்தாலும் இந்தத் தொடர்ச்சி எங்காவது அறுந்துவிடும்.

ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி என்ற ஊரில் பாதிரியாராக இருந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத் பறவை வேட்டையில் ஈடுபாடு உள்ளவர். கிண்ணத்தில் தீ பளிச்சிட்டதுமே, குண்டு புறப்படுவதற்குள் பறவைகள் உஷாராகிவிடுவது அவருக்குப் பெரும் குறையாக இருந்தது. அடித்தாலே வெடிக்கும் வேதிப்பொருள்களைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறைக்கு அவர் 1807இல் காப்புரிமை பெற்றார். அந்த வேதிப்பொருளை ஒரு சின்னஞ்சிறு செப்புக் குப்பிக்குள் அடைத்துக் கேப்பாக்குவது அடுத்த படி. அதைக் கண்டவர் தாமே என்று பலர் உரிமை கொண்டாடினார்கள்; அவர்களுள் ஒருவரான ஜோஷுவா ஷா, இங்கிலாந்தில் பிறந்து ஃபிலடெல்ஃபியாவில் குடியேறிய ஓவியர், 1822இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

குழலின் பின்முனையில் துளையிட்ட சிறு கூம்பு ஒன்று நிற்கும். கேப்பை அதன் தலையில் கவிழ்த்துவிட்டால், குதிரை வந்து அடித்தவுடன் தீ நேரே மருந்துக்குள் பாய்ந்துவிடும். குதிரையின் அடிப்பக்கத்தைக் கவனித்துப் பாருங்கள்; தட்டையாக இல்லாமல் கிண்ணம்போல் குடைந்திருக்கும். வெடிக்கும் கேப்பின் செப்புச் சில்லுகள் சுடுபவரின் கண்ணை நோக்கிப் பறக்காமல் தடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

கேள்வி: பென்சில்வேனியாவின் கல் துப்பாக்கிகள்தான் கலைப்படைப்புகள் என்றும், கேப் வந்தபின் அந்தக் கலை தேய்ந்துவிட்டது என்றும் என் நண்பர் வாதிடுகிறார். உங்கள் கருத்து என்ன?

பதில்: உங்கள் நண்பரின் பார்வை பரவலானதுதான், ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜெர்மனியிலிருந்து வந்த கைவினைஞர்கள் தம் நாட்டின் குட்டையான வேட்டை ரைபிளைப் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் சிறிது சிறிதாக நீட்டி மெலிவித்து உருவாக்கிய நெடுங்குழல் ரைபிள், மரத்தில் செதுக்கிய கொடிச் சுருள்களும் பித்தளையில் வெட்டிய சித்திர வேலையுமாகக் கண்ணைப் பறிக்கும் என்பது உண்மை. அதனோடு ஒப்பிட்டால் 1840ஆம் ஆண்டை ஒட்டிய மேற்குப்பகுதி ரைபிள் முரட்டுத்தனமாகத் தோன்றும். செதுக்கல் இல்லை, பித்தளை குறைவு, குழல் கனமாகவும் எண்பட்டையாகவும் இருக்கிறது.

ஆனால் செதுக்கல் குறைந்ததனால் திறமை குறைந்ததாகப் பொருளில்லை. அலங்காரம் மிகுந்த கட்டையில், அதாவது துப்பாக்கியின் மர உடலில், இரும்புக்கும் மரத்துக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் கண் அதைத் தாண்டிச் சித்திரத்துக்குப் போய்விடும். அலங்காரமே இல்லாத கட்டையில் அந்த இடைவெளி ஒன்றுதான் தெரியும். இரும்புத் தகடு மரத்துக்குள் முளைத்து வளர்ந்ததுபோல் அமர வேண்டும். அதற்காகத் தகட்டின் அடியில் விளக்குக்கரியைப் பூசி மரத்தில் அழுத்தி எடுத்து, கரி ஒட்டிய மேடுகளை மட்டும் உளியால் சீவி, மறுபடி பூசி, மறுபடி அழுத்திப் பார்த்துக்கொண்டே போவார்கள். குதிரையையும் அதை இயக்கும் உறுப்புகளையும் கொண்ட லாக் என்ற பொறியமைப்பைப் பதிக்க இப்படிப் பல பத்து முறை செய்ய வேண்டியிருக்கும். அதைக் கையால் செய்து பார்த்தவர் யாரும் கேப் காலத்து ரைபிளை எளிய வேலை என்று சொல்ல மாட்டார்.

கேள்வி: ட்ரில் இயந்திரம் இல்லாத பட்டறையில் நீண்ட குழலை எப்படி நேராகத் துளைத்தார்கள்? உள்ளே சுருள் வரிகளை எப்படி வெட்டினார்கள்?

பதில்: இந்தத் தொழிலின் உயிர்நாடி குழல் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தொடக்கத்தில் குழல் என்பது துளைக்கப்பட்டதே அல்ல, சுற்றப்பட்டது. நீளமான இரும்புப் பட்டையை உலையில் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி மடித்து, விளிம்புகளைச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக இணைப்பார்கள். ஒவ்வொரு சூட்டிலும் ஒன்றிரண்டு அங்குலம்தான் இணையும். மூன்றரை அடிக் குழல் முழுவதும் ஒட்டு விடாமல் சேர வேண்டும் என்றால், சூட்டின் நிறத்தைக் கண்ணாலேயே அளக்கத் தெரிந்த கொல்லர் வேண்டும். பிறகு துளைப்பான்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி உள்ளை வழவழப்பாக்குவார்கள்.

அடுத்தது நேராக்குவது. குழலுக்குள் ஒரு மெல்லிய நூலை இழுத்துக் கட்டி, அது உட்சுவரை ஒட்டி எங்கே தொடுகிறது, எங்கே விலகுகிறது என்று பார்ப்பது ஒரு முறை. குழலைச் சன்னலுக்கு நேரே பிடித்து, சன்னல் சட்டத்தின் நிழல் உட்சுவரில் விழுவதைக் கூர்ந்து கவனிப்பது மற்றொரு முறை. நிழல்கோடு ஓரிடத்தில் வளைந்தால் குழலும் அங்கே வளைந்திருக்கிறது என்று பொருள். அந்த இடத்தைக் கணித்து, பட்டடையில் வைத்து ஓர் அடி அடித்து, மீண்டும் சன்னலுக்குத் தூக்குவார்கள். பழகிய கண்ணுக்கு இந்த நிழல் காட்டும் பிழை வியப்பூட்டும் அளவுக்கு நுட்பமானது.

இனி, குண்டைச் சுழலவைக்கும் வரிகளை வெட்டுவது. ஒரு நீண்ட பலகையின் மேல், சுருள் பள்ளங்கள் வெட்டிய மர உருளை ஒன்று கிடக்கும். உருளையைத் தள்ளினால் அது பள்ளங்களின் போக்கிலேயே சுழன்றுகொண்டு முன்னேறும். அதன் முனையில் ஒரு கோல். கோலின் நுனியில் சிறு எஃகுப் பல். கோல் குழலுக்குள் போய்வரும்போது பல் மயிர்போன்ற இரும்புச் சீவலை எடுத்துக்கொண்டு வரும். ஒரு வரியில் ஓரிழுப்பு, அடுத்த வரிக்குத் திருப்பி ஓரிழுப்பு என்று சுற்றி முடிப்பார்கள். பல் சீவுவதை நிறுத்தியதும், அதன் அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி அந்தக் காகிதத்தின் கனம் அளவுக்கு அதை உயர்த்திவிட்டு மீண்டும் தொடங்குவார்கள். அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு ஆழமுள்ள வரிகள் கிடைப்பதற்குள் கோல் நூற்றுக்கணக்கான தடவை போய்வந்திருக்கும். இத்தனை துல்லியமும் ஒரு மர உருளை, ஓர் எஃகுப் பல், சில காகிதத் துண்டுகள் ஆகியவற்றிலிருந்து வந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகளின் மேல் மரியாதை கூடுகிறது.

கேப் காலத்தில் ஒரு மாற்றம் வந்தது. குழலை மட்டுமே செய்து விற்கும் பட்டறைகள் பெருகின. நியூயார்க் மாநிலத்தில் எலிஃபலெட் ரெமிங்டன் தொடங்கிய பட்டறை அவற்றுள் ஒன்று. சிற்றூர்க் கைவினைஞர்கள் குழலை அங்கிருந்தும், லாக்கை ஃபிலடெல்ஃபியா வணிகரிடமோ இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்தோ வாங்கி, கட்டையைத் தாமே செய்து முழுத் துப்பாக்கியாக்கினார்கள். இதைக் குறை என்று கருத வேண்டியதில்லை. வாங்கிய உறுப்புகளை ஒன்றுக்கொன்று இசைவித்து, தோளுக்கும் கண்ணுக்கும் பொருந்தும்படி ஒரு கட்டைக்குள் உட்காரவைப்பது தனித்திறமை.

கேள்வி: ஹாக்கன் ரைபிளுக்கு ஏன் இவ்வளவு புகழ்? மலைவேட்டைக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் வைத்திருந்தார்களா?

பதில்: எல்லோரும் வைத்திருக்கவில்லை. ஜேக்கப், சாமுவேல் என்னும் ஹாக்கன் சகோதரர்கள் மேரிலாண்டின் ஹேகர்ஸ்டவுனைச் சேர்ந்தவர்கள். செயின்ட் லூயிஸ் நகரில் பட்டறை நடத்தினார்கள். அப்போது மேற்கே போகிறவர்களில் பலர் அந்த ஊர்வழியாகத்தான் போனார்கள். நீரோடைகளில் வாழும் கொறிவிலங்கான பீவரின் தோலுக்காக மலைகளில் அலைந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடிய சந்தைகள் 1825 முதல் 1840 வரை நடந்தன. அந்தச் சந்தைகளில் கைமாறியவற்றில் பெரும்பங்கு பென்சில்வேனியாவில் ஏராளமாகச் செய்து அனுப்பிய மலிவான ரைபிள்கள். அவற்றில் பல கல் துப்பாக்கிகளே. கேப் தீர்ந்துபோனால் மலையில் வாங்க இடமில்லை, கல் தீர்ந்தால் தேடிப் பொறுக்கலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஹாக்கனின் புகழ் பெரும்பாலும் அதற்குப் பிந்திய ஆண்டுகளுக்கு உரியது. 1849இல் காலராவில் ஜேக்கப் இறந்தபின் சாமுவேல் தனியே பட்டறையை நடத்தினார்.

ஆனால் அந்தப் புகழ் தகுதியில்லாமல் வந்ததன்று. அவர்களின் முதிர்ந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டை குழலின் பாதி நீளத்துக்கு மட்டுமே வரும். மீதிக் குழலின் அடியில் ஓர் இரும்பு விளிம்பு ஓடி, குண்டை இடித்து இறக்கும் கோலைத் தாங்கும். 0.50 முதல் 0.54 அங்குலம் வரை துளையுள்ள எண்பட்டைக் குழல், பெரிய மருந்தளவைத் தாங்கும் கனம், மொத்தம் பத்து ராத்தலை ஒட்டிய எடை. குழலின் பின்முனை ஒரு கொக்கியாக முடிந்து, கட்டையோடு நிலையாகத் திருகிய இரும்புத் துண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். முன்பக்க ஆப்புகளைத் தட்டி எடுத்து, குழலைத் தூக்கினால் கழன்று கையில் வந்துவிடும்.

அதைவிட எனக்கு மிகப் பிடித்தது கைப்பிடியில் இருக்கிறது. எந்த ரைபிளிலும் முதலில் முறிவது பெருவிரல் சுற்றிப் பிடிக்கும் அந்த மெலிந்த பகுதிதான்; சவாரி செய்யும் குதிரை தடுக்கி விழுந்தாலோ பாறையில் மோதினாலோ அங்கேதான் மரம் பிளக்கும். ஹாக்கன் ரைபிளில் மேற்பக்கத்து இரும்பு நாக்கு கைப்பிடியின் வளைவைத் தழுவிக்கொண்டு நீண்டு இறங்கும். கீழே, சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசைகளைத் தாங்கும் தகடும் அதேபோல் நீண்டிருக்கும். இரண்டையும் மரத்தின் ஊடாகச் செல்லும் திருகாணிகள் ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். அதனால் மெலிந்த மரம் இரண்டு இரும்புப் பட்டைகளின் நடுவே அணைப்பில் இருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது அழகான வளைவு; பழைய ரைபிள்களைச் செப்பனிட்டவருக்கு, எந்த உடைசலைப் பல முறை பார்த்தபின் ஒருவர் இந்த முடிவுக்கு வந்திருப்பார் என்பது புரியும். பெயர்பெற்ற மலைவேட்டைக்காரர் ஜிம் பிரிட்ஜரின் ஹாக்கன் ரைபிள் மோண்டானா மாநில வரலாற்றுச் சங்கத்திடம் இருக்கிறது. அது அமைந்த ஹெலினா நகர்ப் பக்கம் போகும் வாசகர்கள் அந்தக் கைப்பிடியைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டுகிறேன்.

கேள்வி: துப்பாக்கிக் கட்டையில் புலிவரிபோல் தெரிவது வர்ணமா, மரத்தின் இயல்பா?

பதில்: நல்ல ரைபிளில் அது மரத்தின் இயல்பு. மேப்பிள் மரத்தில் சிலவற்றின் நார் நேராக ஓடாமல் அலையலையாக வளர்ந்திருக்கும். அத்தகைய மரத்தை அறுக்கும்போது சில இடங்களில் நாரின் பக்கமும் சில இடங்களில் நாரின் முனையும் மேற்பரப்புக்கு வரும். முனை அதிகம் உறிஞ்சும், பக்கம் குறைவாக உறிஞ்சும். ஆகவே சாயம் ஏற்றினால் இருளும் ஒளியுமாக வரிகள் எழுகின்றன. ரைபிளை விளக்கடியில் மெல்லச் சாய்த்தால் இருண்ட வரி ஒளிர்ந்து, ஒளிர்ந்த வரி இருளும். வர்ணத்தால் இதைச் செய்ய முடியாது.

பழைய சாயம் ஏற்றும் முறை கண்கொள்ளாக் காட்சி. நைட்ரிக் அமிலத்தில் இரும்புத்துகளைக் கரைத்து, அந்தக் கரைசலை வெள்ளை வெளேரென்ற மேப்பிள் கட்டையில் தடவுவார்கள். மரம் உடனே அருவருப்பான பச்சை கலந்த மஞ்சளாகும். முதன்முறை பார்ப்பவர் மரம் பாழாகிவிட்டது என்றே நினைப்பார். பிறகு பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பாளத்தை மரத்தில் படாமல் அருகே கொண்டுபோவார்கள். சூடு படப் படப் பச்சை பின்வாங்கி, செம்பழுப்பு நிறம் முன்னேறி வரும். அதன் பின்னாலேயே வரிகள் ஒவ்வொன்றாக எழும். பின்னர் அமிலத்தின் வீரியத்தை முறித்து, ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்து ஊட்டுவார்கள். இரும்புப் பகுதிகளுக்கும் நிறம் கொடுப்பது துருதான்: குழலை எண்ணெய்ப் பிசுக்கின்றித் துடைத்து, ஈரத்தில் மெல்லிய துரு பிடிக்கவிட்டு, தேய்த்து, மறுபடி பிடிக்கவிட்டுப் பல நாள் செய்தால் வழவழப்பான பழுப்பு வரும்.

பொய்வரிகளும் உண்டு. லங்காஸ்டரின் ஹென்றி லீமன் பட்டறையிலிருந்து மேற்கே போன ரைபிள்கள் பலவற்றில், சாதாரண மேப்பிள் மீது வரிகளை வரைந்தே காட்டியிருப்பார்கள். ரைபிளைச் சாய்த்துப் பாருங்கள். வரிகள் அசையாமல் கிடந்தால் அவை தீட்டியவை.

கேள்வி: சில ரைபிள்களில் இரண்டு விசைகள் இருப்பதேன்? குழல் ஒன்றுதானே?

பதில்: பின்விசையை இழுத்தால் உள்ளே ஒரு வில் கொக்கியில் மாட்டித் தயாராக நிற்கும், குண்டு போகாது. அதன்பின் முன்விசையில் விரல் பட்டாலே போதும், அந்த வில் விடுபட்டுத் துள்ளி லாக்கின் பிடியைத் தட்டிவிடும். கனமான விசையை வலிந்து இழுக்கும்போது குறி அசைந்துவிடும் என்ற சிக்கல் இதனால் தீர்கிறது. பின்விசையைத் தொடாமலே முன்விசையைப் பலமாக இழுத்தும் சுடும்படி பெரும்பாலானவற்றை அமைத்திருப்பார்கள். அவசரத்துக்கு அது வேண்டும்.

இதில் இன்னொரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. குதிரையின் அச்சில் பாதி ஏற்றத்துக்கு ஒரு வெட்டும் முழு ஏற்றத்துக்கு ஒரு வெட்டும் இருக்கும். விசை அவ்வளவு சட்டென்று தட்டுவதால், லாக்கின் பிடி உடனே திரும்பி வந்து பாதி ஏற்றத்து வெட்டில் விழுந்துவிடலாம். குதிரை நடுவழியில் நின்று வெட்டும் உடைந்துவிடும். அதைத் தடுக்க, ஒரு நெல்மணியைவிடச் சிறிய அசையும் எஃகுத் துண்டு ஒன்று அந்த வெட்டை மூடி, பிடியை அதன் மேலாகத் தாண்டச் செய்கிறது. அதை ஆங்கிலத்தில் ஈ என்ற பொருள்படும் சொல்லால் அழைப்பார்கள். லாக்கைக் கழற்றும்போது இது கீழே விழுந்து தொலைந்துபோவது வழக்கம். ஆகவே வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்துக் கழற்றுங்கள்.

கேள்வி: தொழிற்சாலைகள் வந்தபின் கைவேலைக்கு என்ன நேர்ந்தது?

பதில்: இரண்டும் சில காலம் அருகருகே வாழ்ந்தன. அமெரிக்கப் படையின் 1841ஆம் ஆண்டு மாதிரி ரைபிள், ஜெஃபர்சன் டேவிஸின் மிசிசிப்பிப் படைப்பிரிவு 1847இல் பியுனா விஸ்தாப் போரில் ஏந்திப் புகழ் சேர்த்ததால் மிசிசிப்பி ரைபிள் என்றே பெயர்பெற்றது. படைக்கென்று செய்தவற்றுள் இதைவிட அளவொத்த வடிவம் வேறில்லை என்பேன். வெர்மாண்டின் விண்ட்சரில் ராபின்ஸ் லாரன்ஸ் நிறுவனம் இதை ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் பொருந்தும்படி இயந்திரங்களால் செய்து, 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் வைத்தது. அதன் விளைவாக ஆங்கில அரசு தன் என்ஃபீல்டு ஆலைக்கு அமெரிக்க இயந்திரங்களை வாங்கியது. அந்த விண்ட்சர்க் கட்டடம் இன்று துல்லியத் தொழில்நுட்ப அருங்காட்சியகமாக நிற்கிறது.

கைவேலையின் உச்சம் அதே காலத்தில் இலக்குச் சுடும் ரைபிள்களில் வந்தது. தொலைநோக்கிக் கண்ணாடிகளால் புகழ்பெற்ற மாசசூசெட்ஸின் ஆல்வன் கிளார்க் 1840இல் ஒரு காப்புரிமை பெற்றார். குழலின் வாயிலிருந்து ஒரு துண்டை வெட்டி, ஊசிகளால் அதே இடத்தில் மீண்டும் பொருத்தி, துண்டையும் குழலையும் சேர்த்தே வரி வெட்டிவிடுவது அவருடைய முறை. குண்டை இறக்கும்போது மட்டும் அந்தத் துண்டை மாட்டினால், தேய்மானமெல்லாம் துண்டோடு போய்விடும். குழலின் உண்மையான வாய் கூர் மழுங்காமல் இருக்கும். மறந்துபோய்த் துண்டோடு சுட்டுவிடாதபடி, குறிபார்க்கும் கோட்டை மறைக்கும் முளை ஒன்றையும் அதில் நிறுத்துவார்கள். ராசெஸ்டரின் வில்லியம் பில்லிங்ஹர்ஸ்ட், யூட்டிகாவின் மோர்கன் ஜேம்ஸ் போன்றவர்கள் இத்தகைய ரைபிள்களில் பெயர் நாட்டினார்கள். கிளார்க்கின் மகன் 1862இல் அவர்கள் பட்டறையில் செய்த தொலைநோக்கியைச் சோதிக்கும்போதுதான் சிரியஸ் விண்மீனின் மங்கலான துணைமீனைக் கண்டார். கண்ணாடியையும் குழலையும் திருத்தியது ஒரே வகைக் கண் என்று நினைத்துக்கொள்வேன்.

கேள்வி: நொடிக்கு நொடி சுடும் துப்பாக்கிகள் இருக்க, ஒரு வெடிக்கு ஒரு நிமிடம் பாடுபடும் இதில் என்ன இன்பம்?

பதில்: அந்த ஒரு நிமிடம்தான் இன்பம். கொம்பிலிருந்து அளவைக்குள் கருமருந்தைக் கொட்டி, அளவையிலிருந்து குழலுக்குள் விடுகிறீர்கள். எண்ணெய் ஊட்டிய பருத்தித் துணியைக் குழல்வாயில் விரித்து, 0.50 அங்குலக் குழலானால் 0.490 அங்குல ஈயக் குண்டை அதன் நடுவில் வைத்து அழுத்துகிறீர்கள். குண்டு வரிகளைத் தொடுவதே இல்லை. துணிதான் வரிகளைப் பற்றிக் குண்டைச் சுழற்றுகிறது. துணி தடித்தால் இறங்காது, மெலிந்தால் கருகிக் கிழியும். சுட்டபின் இலக்கை நோக்கி நடக்கும்போது, இருபதடி தூரத்தில் புல்லில் கிடக்கும் அந்தத் துணியை எடுத்துப் பார்ப்பார்கள் அனுபவசாலிகள். நடுவில் குண்டின் வட்டக் கறையும் ஓரங்களில் வரிகளின் பதிவும் சீராக இருந்தால் எல்லாம் சரி. நடுவே ஓட்டை இருந்தால் துணியையோ எண்ணெயையோ மாற்ற வேண்டும். ஒரு பழைய ரைபிளோடு பேசிப் பழகும் மொழி இது. ஒவ்வொரு குழலும் தனக்கென்று ஒரு மருந்தளவையும் ஒரு துணிக்கனத்தையும் விரும்புகிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு பருவம் முழுவதும் ஆகலாம்.

இந்தியானாவின் ஃப்ரெண்ட்ஷிப் என்னும் சிற்றூரில், 1933இல் தோன்றிய தேசிய வாய்வழி ரைபிள் சங்கம் ஆண்டுதோறும் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் போட்டிகள் நடத்துகிறது. வெள்ளைப் புகை வரிசையாக எழுந்து, கந்தக மணத்தோடு புல்வெளியின் மேல் தவழ்ந்து விலகும்வரை இலக்கு தெரிவதில்லை. நம் குண்டு எங்கே பட்டது என்று அறியக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகள் வேறெந்தத் துப்பாக்கியிலும் கிடைப்பதில்லை.

கேள்வி: கடைகளில் புதிய வகை வாய்வழி ரைபிள்கள் விற்கிறார்களே, அவையும் இந்த மரபைச் சேர்ந்தவைதாமா?

பதில்: 1980களுக்குப் பிறகு பரவிய, கேப் குழலுக்கு நேர்பின்னே அமரும் வகை வேட்டைக்குப் பயன்படும் கருவி, அதில் குற்றமில்லை. ஆனால் அதற்கும் இங்கே நாம் பேசும் தொழிலுக்கும் உறவு குறைவு. மாநில வேட்டை விதிகளும் இவற்றை ஒன்றாகக் கருதுவதில்லை. கொலராடோவில் வாய்வழித் துப்பாக்கிப் பருவத்தில் தொலைநோக்கிக் குறி கூடாது. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிந்திய தனிப் பருவம் கல் துப்பாக்கிக்கு மட்டுமே உரியது என்பதால் கேப் ரைபிளுக்கும் அங்கே இடமில்லை. வேட்டைக்குப் போகும் முன் அந்த ஆண்டின் விதிநூலைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: ஒஹாயோவில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் தாத்தாவின் ரைபிளை என்னிடம் காட்டினார். லாக்கின் மேல் ஒரு பெயர் இருக்கிறது. அதைச் செய்தவர் அவர்தாமா? சுட்டுப் பார்க்கலாமா?

பதில்: லாக்கில் உள்ள பெயர் பெரும்பாலும் லாக்கைச் செய்தவர் அல்லது விற்றவர் பெயர். ரைபிளைச் செய்தவரின் கையெழுத்து குழலின் மேற்பட்டையில், பின்முனைக்கும் பின்குறிக்கும் அருகில் இருக்கும். தேய்ந்திருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கேப் அமரும் கூம்பு, குழலின் பக்கத்தில் திருகிய சிறு உருளை ஒன்றின் மேல் நின்றால், அது கல் துப்பாக்கியாகப் பிறந்து பிற்காலத்தில் மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம். லாக் தகட்டில் பழைய கிண்ணத்தைப் பொருத்தியிருந்த திருகுத்துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று தேடுங்கள். இந்த மாற்றத்தை அழித்து மறுபடி கல் துப்பாக்கியாக்கினால் விலை கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த மாற்றமும் அந்த ரைபிளின் வரலாறுதான். பித்தளையைப் பளபளவென்று தேய்ப்பதும், பழைய எண்ணெய்ப் பூச்சைச் சுரண்டி எடுப்பதும் வேண்டாம்.

சுடுவதைப் பற்றி: பழைய துப்பாக்கிகளை நன்கறிந்த ஒரு கைவினைஞர் குழலையும் பின்முனைத் திருகையும் சோதித்துச் சொல்லாமல் சுடவே கூடாது. அவர் சரி என்று சொன்னாலும் கருமருந்து மட்டுமே போட வேண்டும். புகையில்லா மருந்து ஒரு சிட்டிகை கலந்தாலும் குழல் வெடித்துக் கையைக் கொண்டுபோய்விடும்.

அதற்கெல்லாம் முன்பே இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். தாத்தா கடைசியாகக் கெட்டித்துவிட்டுச் சுவரில் மாட்டிய ரைபிள்கள், மருந்தும் குண்டும் உள்ளே இருக்கும்படியே பேரன்மார் கைக்கு வருவது உண்டு. நூறாண்டு ஆனாலும் கருமருந்து காய்ந்திருந்தால் வெடிக்கும். குழல்வாய் யார் பக்கமும் திரும்பாதபடி வைத்துக்கொண்டு, கூம்பில் கேப் இல்லை என்று உறுதிசெய்தபின், ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் மெல்ல இறக்கி, அது நின்றதும் வாய் விளிம்பில் குச்சியின் மேல் கோடு போடுங்கள். பிறகு அதே குச்சியைக் குழலின் வெளிப்பக்கம் வைத்து, கோட்டை வாய் விளிம்போடு ஒட்டிப் பாருங்கள். குச்சியின் நுனி ஏறக்குறைய கூம்பு இருக்கும் இடம்வரை வந்தால் குழல் காலி. இரண்டு மூன்று விரற்கடை முன்னதாகவே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. குடையவோ இடிக்கவோ முயலாமல், ரைபிளை அப்படியே ஓரமாக வைத்துவிட்டுப் பழைய துப்பாக்கிகளில் அனுபவமுள்ள கைவினைஞரை அழையுங்கள்.